ஒரே ஒரு விதி: இண்டி ஆர்கேட் ஷூட்டர் எப்படி வேலை செய்கிறது?

சுடும் விளையாட்டு என்று சொன்னால் கிருஷ்ணகிரி பக்கத்துப் பிள்ளைகளுக்கு உடனே நினைவுக்கு வருபவை பப்ஜியும் ஃப்ரீ ஃபயரும். விமானத்திலிருந்து தீவில் குதிப்பார்கள், வீடு வீடாகப் புகுந்து துப்பாக்கி தேடுவார்கள், புதரில் பதுங்கிக் கிடப்பார்கள். ஒரு ஆட்டம் முடிவதற்குள் அம்மா இரண்டு முறை சாப்பிடக் கூப்பிட்டுவிடுவார். நான் இங்கே விளக்க வருவது வேறொரு வகை. இதில் ஆட்டம் தொடங்கிய இரண்டு மூன்று நொடிகளிலேயே எதிரி எதிரில் நிற்பான். புதிதாக ஆடுபவர் சில நிமிடங்களில் செத்துவிடுவார். அடுத்த நொடியே மறுபடியும் தொடங்கிவிடுவார். பெரிய நிறுவனம் எதுவும் பின்னால் இல்லாமல் ஒருவரோ இருவரோ ஒரு சிறு குழுவோ செய்த விளையாட்டுகள் இவை. பார்வைக்குக் கொஞ்சம் கிறுக்காகவும் இருக்கும். காலணியில் துப்பாக்கி பொருத்திக்கொண்டு கிணற்றுக்குள் விழுபவன் ஒன்றில் வருவான். ராட்சத ஒட்டகங்களோடு விண்கலம் மோதும் சண்டை இன்னொன்றில் வரும். இண்டி ஆர்கேட் ஷூட்டர் என்று இவற்றைச் சொல்கிறார்கள்.

என் அக்கா மகன் கல்லூரியில் கணினி அறிவியல் படிக்கிறான். இப்படி ஒன்றை அவன் போனில் ஏற்றிக் கொடுத்தேன். சிறிது நேரம் ஆடிவிட்டு, “இதில் கதையும் இல்லை, ஊரும் இல்லை, சாவதைத் தவிர ஒன்றுமே இல்லையே மாமா” என்றான். நியாயமான கேள்வி. பலரும் இந்த இடத்தில்தான் போனைக் கீழே வைத்துவிடுகிறார்கள்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நல்ல ஆர்கேட் ஷூட்டர் ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு விதி இருக்கும். நீங்கள் ஆசைப்படுவதையும் உங்களைக் கொல்லக்கூடியதையும் அந்த விதி ஒரே இடத்தில் கொண்டுவந்து வைத்துவிடும். வேகம், வெடிச்சத்தம், கிறுக்குத்தனம் எல்லாம் அதற்கு அடுத்தபடிதான்.

கபடி ஆடியவர்களுக்கு இது புதிதாக இருக்காது. பாடிப் போகிறவர் முன்கோட்டைத் தாண்டிவிட்டு உடனே திரும்பினால் தப்பித்துவிடலாம், புள்ளி கிடைக்காது. இன்னும் உள்ளே போய்ப் போனஸ் கோட்டுக்கு அப்பால் கால் வைத்தால் புள்ளி உண்டு; ஆனால் அந்தக் காலைப் பிடிக்கத்தான் ஆறேழு பேர் குனிந்து காத்திருக்கிறார்கள். 30 நொடிக்குள் போவதா திரும்புவதா என்று முடிவெடுத்தாக வேண்டும். அந்த 30 நொடியின் படபடப்பை ஒரு திரைக்குள் திரும்பத் திரும்ப உண்டாக்குவதுதான் ஆர்கேட் ஷூட்டரின் முழு வேலை.

ஆர்கேட் என்ற பெயர் காசு போட்டு ஆடும் இயந்திரங்களின் காலத்திலிருந்து வருகிறது. நம் ஊர்களில் என் வயதினர் பலர் இதை முதலில் பார்த்தது டிவியோடு இணைத்த விளையாட்டுப் பெட்டியில் செருகும் கேசட்டில். கேலக்ஸியனும் கான்ட்ராவும் அந்தக் கேசட்டுகளில்தான் நமக்குப் பழக்கமாயின. அவை பிறந்த இடம் காசு இயந்திரம் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் இந்த வகையின் குணம் எளிதாகப் புரியும். ஒருவர் ஒரே காசில் ஒரு மணி நேரம் ஆடினால் கடைக்காரருக்கு நஷ்டம். பத்தே நொடியில் தோற்றுவிட்டால் ஆடுபவருக்குக் கோபம் வந்து அடுத்த காசு போட மாட்டார். ஆகவே ஆட்டம் சீக்கிரம் முடிய வேண்டும். அதே சமயம் “இன்னும் கொஞ்சம் கவனமாக இருந்திருந்தால் தப்பித்திருப்பேன்” என்று தோற்றவருக்கே தோன்ற வேண்டும். காசு போடும் வழக்கம் போய்விட்டது. அந்தக் கட்டாயத்தால் பிறந்த வடிவம் மட்டும் நிலைத்துவிட்டது.

1978இல் ஜப்பானின் டைட்டோ நிறுவனத்துக்காக டோமோஹிரோ நிஷிகாடோ செய்த ஸ்பேஸ் இன்வேடர்ஸ் இதற்குப் பெரிய முன்னோடி. 5 வரிசைகளில் 11 வீதம் 55 எதிரிகள். பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து கீழே இறங்கி வருவார்கள். அவர்களைச் சுடச் சுட, மிச்சமிருப்பவர்கள் வேகம் கூடும். முதலில் யாரும் யோசித்துச் சேர்த்த சங்கதி அல்ல இது. அந்தக் காலத்துக் கணினிச் சில்லு 55 உருவங்களை வரையத் திணறியது. உருவங்கள் குறையக் குறைய வேலை இலேசாகி ஆட்டம் வேகம் பிடித்தது. நிஷிகாடோ அதை அப்படியே விட்டுவைத்தார். அதனால்தான் நீங்கள் எவ்வளவு நன்றாகச் சுடுகிறீர்களோ அவ்வளவு கடினமாக ஆட்டம் மாறுகிறது. எதிரியைக் குறைக்க வேண்டும் என்பது ஆசை. குறைத்தால் மிச்சமிருப்பவன் பாய்ந்து வருவான் என்பது ஆபத்து. நான் சொன்ன விதி அங்கேயே பிறந்துவிட்டது.

1982இல் வந்த ரோபோட்ரான் 2084 இன்னொரு படி மேலே போனது. யூஜின் ஜார்விஸும் லேரி டிமாரும் செய்தது. இரண்டு ஜாய்ஸ்டிக், ஒன்று நடக்க, மற்றொன்று சுட. மேற்கே ஓடிக்கொண்டே கிழக்கே சுடலாம். எங்கே போவது, யாரைச் சுடுவது என்ற இரண்டு கேள்விகளையும் மூளை தனித்தனியாக, ஒரே நேரத்தில் கையாள வேண்டும். நாலாபுறமும் ரோபோக்கள் சூழ்ந்து வரும்போது நடுவே சில மனிதர்கள் அங்குமிங்கும் நடந்துகொண்டிருப்பார்கள். அவர்களைத் தொட்டுக் காப்பாற்றினால் நிறையப் புள்ளி. மூலையில் ஒதுங்கிச் சுட்டுக்கொண்டிருக்க நினைப்பவரைக் கூட்டத்துக்குள் இழுத்துவிடுவது அந்தப் புள்ளிகள்தான். இன்று இரண்டு கட்டைவிரலால் ஆடும் எத்தனையோ விளையாட்டுகள் இதன் வழிவந்தவை.

இனி இண்டி பக்கம் வருவோம். பெரிய நிறுவனம் ஒரு விளையாட்டுக்கு நூற்றுக்கணக்கான ஓவியர்களை வைத்து நகரம் நகரமாக வரையலாம். தனி ஆளால் அது முடியாது. அவர் கையில் இருப்பது சில சதுரங்கள், ஒரு துப்பாக்கி, கொஞ்சம் சத்தம். ஆகவே விதியைப் புரட்டிப் போடுவதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை. கிறுக்குத்தனம் அங்கிருந்துதான் வருகிறது. தோற்றுப்போனால் கோடிக்கணக்கில் முதல் போட்டவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய நிலையும் அவருக்கு இல்லை. ஜெஃப் மின்டர் என்ற ஆங்கிலேயர் 1980களிலிருந்தே தன் விளையாட்டுகளில் ஒட்டகம், லாமா, ஆடு என்று நிரப்பி வருகிறார். வேல்ஸில் உண்மையிலேயே ஆடுகளும் லாமாக்களும் வளர்ப்பவர் அவர். எந்த நிறுவனத்தின் கூட்டத்திலும் இப்படி ஒரு யோசனை தேறாது. ஜப்பானின் கென்டா சோ தன் படைப்புகளை மூலநிரலோடு, அதாவது அவற்றை உருவாக்க எழுதிய கணினி வரிகளோடு, இலவசமாகவே கொடுத்தார். 2004இல் அவர் வெளியிட்ட டுமிகி ஃபைட்டர்ஸில் எதிரி விமானத்தை உடைத்ததும் சிதறும் துண்டுகளைப் பிடித்து உங்கள் விமானத்தில் ஒட்டிக்கொள்ளலாம். ஒட்ட ஒட்டச் சுடும் பலம் கூடும், உடலும் பெருக்கும்.

விதி எப்படி வேலை செய்கிறது என்பதைக் கிட்டத்தில் பார்க்க டவுன்வெல்லைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. ஒஜிரோ ஃபுமோட்டோ என்ற ஜப்பானிய இளைஞர் செய்து 2015இல் வெளிவந்தது. டோக்கியோவில் ஓபரா பாட்டு படித்துக்கொண்டிருந்தவர் அவர். கறுப்பு, வெள்ளை, சிவப்பு என்று பெரும்பாலும் மூன்றே நிறங்கள். இடது, வலது, குதி என்று மூன்றே பட்டன்கள். ஒரு சின்னப் பையன் கிணற்றுக்குள் விழுந்துகொண்டே இருக்கிறான். தரையில் நின்று குதி பட்டனை அழுத்தினால் குதிப்பான். காற்றில் இருக்கும்போது அதே பட்டனை அழுத்தினால் காலணியிலிருந்து கீழ்நோக்கிக் குண்டு பாயும். சுடும்போது அந்த உதைப்பில் விழும் வேகமும் குறையும். ஆக, குதிப்பது, சுடுவது, விழும் வேகத்தைத் தடுப்பது மூன்றும் ஒரே பட்டன்.

குண்டு அளவோடுதான் இருக்கும். தீர்ந்தால் மறுபடி நிரப்ப இரண்டு வழி. ஒன்று, எங்காவது தரையில் கால் வைப்பது. மற்றொன்று, எதிரியின் தலையில் மிதிப்பது. தரையில் கால் வைத்தால் ஆபத்தில்லை. ஆனால் தொடர்ச்சியாக எத்தனை எதிரிகளை வீழ்த்தினீர்கள் என்ற எண்ணிக்கை அங்கே அறுந்துவிடும். காற்றிலேயே எதிரி விட்டு எதிரி தாவிக்கொண்டு போனால் எண்ணிக்கை நீளும். நீளமான தொடருக்குப் பெரிய பரிசு உண்டு. எல்லா எதிரியையும் மிதிக்கவும் முடியாது. சிவப்பாக இருப்பவனை மிதித்தால் அடிபடுவது நீங்கள். அவனைச் சுட்டாக வேண்டும். சுட்டால் குண்டு குறையும். குண்டு குறைந்தால் மிதிக்கத்தக்க ஒருவனைத் தேட வேண்டும். அவனோ இன்னும் கீழே இருக்கிறான். அங்கே போகும் வழியில் என்ன இருக்கிறது என்று தெரியாது.

இதை எழுத்தில் படிக்கும்போது கணக்குப் பாடமாகத் தோன்றலாம். ஆடும்போது இவ்வளவும் ஓரிரு நொடிகளில் நடந்து முடிகிறது. கீழே ஒரு வெள்ளை வௌவால், பக்கத்தில் ஒரு சிவப்பு ஆமை, காலணியில் இரண்டு குண்டு. ஆமையைச் சுட்டுவிட்டு வௌவாலை மிதிக்கலாம். அல்லது ஆமையை விட்டு விலகி வௌவாலின் மேல் நேராக விழலாம். அல்லது இடப்பக்கத் திட்டில் இறங்கி, சேர்த்துவைத்த எண்ணிக்கையை இழந்து மூச்சு வாங்கலாம். எந்த முடிவும் தவறில்லை; ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை உண்டு. மூன்று பட்டனில் இவ்வளவு யோசனையை அடக்கியதற்காகவே ஃபுமோட்டோவை நான் பெரிய கலைஞராக மதிக்கிறேன்.

நெதர்லாந்தின் ராமி இஸ்மாயிலும் யான் வில்லெம் நைமனும் 2010இல் தொடங்கிய விலாம்பீர் என்ற சிறு குழுவின் சூப்பர் கிரேட் பாக்ஸ் வேறொரு புரட்டு. அதில் எதிரியைக் கொன்றால் புள்ளியே கிடையாது. திரையில் ஒரு பெட்டி தோன்றும். அதை எடுத்தால் ஒரு புள்ளி, அவ்வளவுதான். எடுத்த மறுகணம் கையிலிருக்கும் துப்பாக்கி மாறிவிடும். நல்ல துப்பாக்கி வாய்த்திருக்கும்போது அடுத்த பெட்டியை எடுக்க மனம் வராது. எடுக்காவிட்டால் புள்ளி இல்லை. கொல்லாமல் விட்ட எதிரி திரையின் அடியிலுள்ள நெருப்பில் விழுந்தால் தொல்லை விட்டது என்று நினைக்காதீர்கள். அவன் இன்னும் கோபத்தோடு, இன்னும் வேகமாக மேலிருந்து திரும்பி வருவான். 2020இல் ஸ்வீடனிலிருந்து வந்த போஸ்ட் வாய்ட் இன்னும் கொடுமை: உங்கள் உயிர் ஒரு பாத்திரத்துத் திரவமாக ஒழுகிக்கொண்டே இருக்கும், எதிரியைக் கொன்றால்தான் நிரம்பும். நின்று யோசித்தால் அந்த யோசனையே உங்களைக் கொன்றுவிடும்.

வேகத்தைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. விரல் வேகம் உள்ள சிறுவர்களால்தான் இவற்றை ஆட முடியும் என்று பெரியவர்கள் ஒதுங்கிவிடுகிறார்கள். இவ்வகை விளையாட்டுகள் பெரும்பாலும் நொடிக்கு 60 முறை திரையை வரைகின்றன. ஒரு படத்துக்கு ஏறத்தாழ 17 மில்லி நொடி. மனிதன் ஒன்றைக் கண்டு விரலை அசைக்கச் சுமார் 200 முதல் 250 மில்லி நொடி ஆகும். அதாவது நீங்கள் அசைவதற்குள் பன்னிரண்டு படங்களுக்கு மேல் ஓடிவிடும். குண்டைப் பார்த்த பிறகு தப்பிக்க முயன்றால் எந்த வயதிலும் தாமதம்தான். நன்றாக ஆடுபவர் குண்டு வரப்போகும் இடத்தை முன்கூட்டியே படித்துவிடுகிறார். எதிரி சுடுவதற்கு முன் ஒரு கணம் நிறம் மாறுவான், அல்லது பின்வாங்குவான், அல்லது ஒரு சத்தம் எழுப்புவான். நேர்மையான விளையாட்டு இந்த முன்னறிவிப்பைத் தவறாமல் கொடுக்கும். கொடுக்காத விளையாட்டை நான் அழித்துவிடுவேன், நேரத்துக்கு மதிப்புண்டு.

நேர்மைக்கு இன்னொரு மறைவான ஏற்பாடும் உண்டு. உங்கள் விமானம் திரையில் கட்டைவிரல் அகலம் தெரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். குண்டு பட்டதாகக் கணினி எடுத்துக்கொள்ளும் பகுதி அந்த முழு அகலமும் இல்லை. நடுவில் ஒரு மிளகளவு இருக்கலாம். இறக்கையை உரசிப்போன குண்டு கணக்கில் வராது. ஜப்பானில் 1990களில் வளர்ந்த குண்டுமழை விளையாட்டுகள் இதை ஒரு கலையாகவே ஆக்கின. திரை முழுவதும் குண்டு இருந்தும் ஆள் பிழைப்பது இதனால்தான். “எப்படித் தப்பித்தேன்!” என்று உங்களுக்குத் தோன்றும் கணங்களில் பாதி, செய்தவர் உங்கள் பக்கம் சாய்த்து வைத்த தராசு. அது ஏமாற்று என்று எனக்குத் தோன்றவில்லை. ஆடுபவர் மேல் வைத்த அக்கறை அது.

சுடுவதன் சுகமும் அப்படிக் கவனித்துச் செய்த வேலைதான். நைமன் 2013இல் ஓர் உரையில் சப்பென்றிருக்கும் ஒரு சிறு சுடும் விளையாட்டை எடுத்துக்கொண்டு அதை மேடையிலேயே ஒவ்வொன்றாக மாற்றிக் காட்டினார். குண்டைப் பெரிதாக்கினார், துப்பாக்கி முனையில் ஒளியைச் சேர்த்தார், சுடும்போது திரையைச் சற்றுக் குலுக்கினார், எதிரி மேல் பட்டதும் கண்ணுக்குத் தெரியாத அளவு ஆட்டத்தை நிறுத்தித் தொடர்ந்தார். விதி எதுவும் பெரிதாக மாறவில்லை. கைக்குக் கிடைக்கும் உணர்வு அடியோடு மாறிவிட்டது. ஒரு எச்சரிக்கை: இப்படி மின்னும் ஒளி வலிப்பு நோய் உள்ள சிலருக்கு ஆபத்து. வீட்டில் அப்படி யாராவது இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் ஆட விட வேண்டாம். திரைக் குலுக்கத்தையும் மின்னலையும் குறைக்கும் வசதி பல விளையாட்டுகளின் அமைப்புப் பகுதியில் இருக்கிறது. தலை சுற்றுபவர்களும் அதைப் பயன்படுத்தலாம்.

தொடங்குபவருக்குச் செலவு அதிகமில்லை. சாதாரண மடிக்கணினியோ நடுத்தர விலைப் போனோ போதும். போனில் ஆடுவதானால் பட்டன் குறைவான விளையாட்டாகத் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் உங்கள் கட்டைவிரலே பாதித் திரையை மறைத்துவிடும். டவுன்வெல் போனுக்குப் பொருந்தும். 2022இல் முழுமையாக வெளிவந்த வேம்பயர் சர்வைவர்ஸ் சுடும் பட்டனையே எடுத்துவிட்டது: ஆயுதம் தானாகச் சுடும், நீங்கள் நடந்தால் மட்டும் போதும். லூகா கலான்டே என்ற இத்தாலியர் தனி ஆளாகத் தொடங்கிய அது, 2023இல் பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் சிறந்த விளையாட்டாகத் தேர்வானது. என் அக்கா முதலில் ரசித்து ஆடியது இதைத்தான்.

ஆடும்போது உங்கள் உருவத்தையே முறைத்துப் பார்க்காதீர்கள். எதிரிகளுக்கு இடையிலுள்ள வெற்றிடத்தைப் பாருங்கள். உங்கள் உருவம் பார்வையின் ஓரத்தில் தானாக இருக்கும். மூலையில் ஒதுங்காதீர்கள். சத்தத்தை அணைக்காதீர்கள், பாதி முன்னறிவிப்பு காதுக்குத்தான் வருகிறது. செத்தவுடன் எதனால் செத்தோம் என்று மனத்துக்குள் ஒரு வரி சொல்லிக்கொள்ளுங்கள். அந்த வரியைச் சொல்ல முடியவில்லை என்றால் சிறிது நேரம் போனைக் கீழே வைத்துவிடுங்கள். கண் களைத்திருக்கிறது என்று பொருள்.

செய்து பார்க்க விரும்புபவர்களுக்கும் வாசல் திறந்தே இருக்கிறது. டவுன்வெல் உருவானது கேம்மேக்கர் என்ற மென்பொருளில். விற்காமல் பழகுவதற்கு அது இலவசம். 2014இல் மூலநிரலோடு வெளியிடப்பட்ட கோடோ என்ற இன்னொரு மென்பொருள் முழுக்கவே இலவசம். என் அக்கா மகன் கோடோவில் ஒரு விளையாட்டு செய்துகொண்டிருக்கிறான். இடம், காவேரிப்பட்டணம் பக்கத்து மாந்தோப்பு. பரண் மேல் ஒருவன் கவணோடு நிற்கிறான். கிளிகள் கிளிமூக்கு மாங்காயைத் தேடிக் கூட்டமாக வருகின்றன. கல்லெறிந்து விரட்ட வேண்டும். கிளி சாகாது, பறந்துவிடும். முதலில் கல் எவ்வளவு வேண்டுமானாலும் எறியலாம் என்று வைத்திருந்தான். கொஞ்ச நேரத்தில் சலித்துவிட்டது.

“கல்லை எடுத்துவிடு. மரத்திலுள்ள காயையே பறித்து எறியட்டும்” என்றேன்.

“அப்போது விளைச்சல் குறையுமே மாமா?”

“குறையட்டும். கடைசியில் மிஞ்சும் காய்தான் புள்ளி.”

மாற்றிப் பார்த்தோம். தோப்புக்கே உயிர் வந்துவிட்டது. ஒரு கிளிக்கு ஒரு காய் எறிந்தால் நஷ்டம். கிளிகள் ஒரு கொத்தில் நாலைந்து சேரும்வரை காத்திருந்து ஒரே காயால் விரட்டினால் இலாபம். ஆனால் காத்திருக்கும் ஒவ்வொரு நொடியும் அவை காயைக் கொத்திக்கொண்டிருக்கின்றன. எறிவதா, இன்னும் ஒரு கிளி வந்து உட்காரட்டுமா என்று கை தவிக்கிறது.

இப்போது ஒன்றில் மட்டும் எங்களுக்குள் வழக்கு தீரவில்லை. எறிந்த காய் தரையில் விழுந்த பிறகு அதைப் பொறுக்கிக்கொள்ளலாமா? பொறுக்கக் கூடாது, போனது போனதுதான் என்கிறான் அவன். பொறுக்கலாம், ஆனால் பரணை விட்டு இறங்கித்தான் பொறுக்க வேண்டும், கீழே இருக்கும்வரை எறிய முடியாது என்கிறேன் நான். இரண்டையும் தனித்தனியாகச் செய்து, மாங்காய்ப் பருவம் முடிவதற்குள் தெருப் பிள்ளைகளிடம் கொடுத்துப் பார்க்கப்போகிறோம்.